வெண்ணெய் ஆவதற்கு முன்னே ஒரு விடியல்

காலை ஐந்தரை மணி. சென்னிமலையில் தறிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. கையில் எவர்சில்வர் தூக்குப்போசியோடு அத்தை வீட்டு வாசலில் நிற்கிறேன். ராத்திரி சரியான தூக்கமில்லை, அத்தனை பரபரப்பு. ஊத்துக்குளிக்குப் போகிறேன், ஏடு பார்க்க!

ஊத்துக்குளி வெண்ணெயைத் தெரியாதவர் உண்டா? தமிழ்நாட்டில் எந்த ஊர் நெய்க்கடைப் பலகையிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். ஆனால் வெண்ணெய் ஆவதற்கு ஒரு படி முன்னால், திரளாமல், உருகாமல், தளதளவென்று நிற்கும் ஏட்டை எத்தனை பேர் பார்த்திருப்போம்? அத்தைக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அங்கே வெண்ணெய் எடுக்கிறார். "வர்றதுன்னா வெள்ளன வந்துருங்க அம்முணி" என்று சொல்லியிருந்தார்.

ஊத்துக்குளியில் அவர் இடத்தின் கதவைத் தாண்டியதும் முதலில் வாசனைதான். பச்சைப் பாலின் இனிப்பு, ஈரத் தரை, எங்கோ ஒரு மூலையில் காய்கிற நெய். நடுவில் ஏடு பிரிக்கும் மெஷின் ரீங்காரமிடுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. கனமான பால் வெளிப்பக்கம் ஒதுங்க, லேசான கொழுப்பு நடுவில் சேர்கிறது. ஒரு மூக்கில் கொழுப்பு நீங்கிய பால் சலசலவென்று கொட்டுகிறது. மற்றதில், ஆஹா, கட்டை விரல் கனத்துக்கு வெள்ளை நாடா ஒன்று மடிந்து மடிந்து இறங்குகிறது! ஸ்வீடனில் குஸ்டாஃப் டி லாவால் 1878-ல் செய்த கருவியின் பேத்தி இது. அதற்கு முன்பெல்லாம் ஏடு தானாக மேலே மிதந்து வரும்வரை பாலை அசையாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

"விரலை நீட்டுங்க அம்முணி."

நீட்டினேன். குளுகுளுவென்று கனம். நாக்கில் வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல விரிந்தது. புளிப்பில்லை, உப்பில்லை. பாலின் இனிப்பு மட்டும் நாக்கின் ஓரம்வரை போய் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன்.

இந்தக் கனம் எருமை தந்தது. காங்கயம் மாடு ஏருக்கும் வண்டிக்கும் பேர்போனது, கறவைக்கு அல்ல. மேட்டுக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேய்ந்து இந்தச் சீமைக்குக் கெட்டிப் பால் கொடுத்தது எருமைதான். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் என்றால் எருமைப் பாலில் 7 சதவீதம்கூட இருக்கும். பசு வெண்ணெயை மஞ்சளாக்கும் கரோட்டின் இதில் இல்லாததால்தான் இந்தப் பளீர் வெள்ளை.

அடுத்தது கடைவது. குளிரவைத்த ஏடு உருளைக்குள் போகிறது. முதலில் சளக் சளக் என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் ஏடு தடித்து, சத்தமே அடங்கிவிடுகிறது. நான் பதறிப்போய் அண்ணனைப் பார்க்கிறேன். அவர் கையை உயர்த்தி "இருங்க" என்கிறார். சட்டென்று தொப், தொப்! திரண்டுவிட்டது! உள்ளே எட்டிப் பார்த்தால் நொய்யரிசி போல வெண்ணெய் மணிகள், சுற்றிலும் நீர்மோர். கொழுப்புத் துளி ஒவ்வொன்றையும் மூடியிருந்த மெல்லிய தோல் அடிபட்டுக் கிழிய, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கணம் அது. ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறக்குறைய 12 லிட்டர் எருமைப் பால் வேண்டும்.

நெய் உருக்குவதையும் காட்டினார். அதை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்; கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலை போடுவது உட்பட.

என் மனசெல்லாம் தூக்குப்போசியில். அரைப் போசி ஏடு வாங்கி, துண்டால் சுற்றி, மடியில் வைத்தபடியே சென்னிமலை வந்து சேர்ந்தேன். அத்தை அதற்குள் அரிசி மாவை வேகவைத்து, சுடச்சுடச் சந்தகை பிழிந்து வைத்திருந்தார். வழக்கமாகத் தேங்காய்ப்பால்தான் ஊற்றுவோம். இன்றைக்கு ஒரு கரண்டி ஏடு, மேலே ஒரு கை கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை. சூட்டில் ஏட்டின் விளிம்பு மட்டும் இளகி இழைகளுக்கு நடுவே இறங்கியது. நடுப்பாகம் குளிர்ச்சியாகவே நின்றது. சர்க்கரை கரைந்து பழுப்புக் கோடுகளாக ஓடியது. துருக்கியில் எருமைப் பால் ஏட்டைக் கய்மாக் என்று செய்து, தேன் ஊற்றிக் காலையில் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குச் சந்தகை இல்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

மிச்சமிருந்ததைச் சூடான ஒப்பிட்டு (போளி) மேல் தடவினோம். நெய்யைவிட இதுவே நல்லது என்பது என் தீர்ப்பு. நெய் வழிந்துவிடும், ஏடு உட்காரும்.

சென்னிமலை முருகனுக்கு அபிஷேகம் செய்த தயிர் புளிக்காது என்பது இந்த ஊர் நம்பிக்கை. 1,320 படி ஏறி அவரைக் கும்பிட வருகிறவர்கள் அப்படியே திரும்பிவிடாதீர்கள். ஒரு ராத்திரி தங்கி, விடியுமுன் ஊத்துக்குளிக்குக் கிளம்புங்கள். தூக்குப்போசி கட்டாயம். பத்து மணிக்குப் போனால் வெண்ணெய்தான் கிடைக்கும்.