தையலை எண்ணாதீர்கள்

முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை தையல்?" தையலை எண்ணிப் பயனில்லை. தோலுக்கு அடியில் தொடைத் தசையை என்ன செய்தார்கள் என்பதுதான் முதல் சில வாரங்களைத் தீர்மானிக்கிறது.

தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் ஒரே தசைநாணாகச் சேர்ந்து முட்டிச் சில்லைப் பிடித்திருக்கின்றன. காலை நீட்டுவதும், நாற்காலியிலிருந்து நம்மை எழுப்புவதும் இவையே. மூட்டுக்குள் போகச் சில்லை ஒதுக்கியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக்கின் வழிதான் இன்றும் பரவலாக இருக்கிறது: தசைநாணை நெடுக்கில் பிளந்து, சில்லின் உள்பக்க ஓரமாக வளைந்து இறங்குவது. மூட்டு முழுக்கக் கண்ணில் படும். பருமனான காலிலும், ஏற்கெனவே அறுத்த காலிலும் கைகொடுக்கும். இன்னொரு வழி, தசைநாணை விட்டுவிட்டு, உள்பக்கத் தசையின் இழைகளை அவை ஓடும் போக்கிலேயே பிரிப்பது. மூன்றாவதில் அந்தத் தசையிலும் கத்தி படாது. அடியில் புகுந்து, திரைச்சீலையை ஒதுக்குவதுபோல ஒதுக்குவார்கள்.

கத்தி படாத தசை சீக்கிரம் வேலைக்கு வரும். படுத்தபடி காலை நேராகத் தூக்குவது சில நாட்கள் முன்னதாகவே கைகூடும். ஆனால் சில மாதங்கள் போனால் மூன்று வகையினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடக்கிறார்கள். இடுக்கான வழியில் எலும்பைக் கோணலாக வெட்டிவிட்டாலோ, அந்தக் கோணல் மூட்டு இருக்கும்வரை கூடவே வரும். சின்னத் தழும்பு என்ற விளம்பரத்தைவிட, மருத்துவருக்குக் கைவந்த வழி எது என்பதையே நான் விசாரிப்பேன்.

பெரும்பாலும் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரோடு நிற்க வைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பாசம் குறுக்கே வரும்: வலிக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். அப்படியே விட்டால் மூட்டு மடங்கிய நிலையில் இறுகிவிடும். தலையணை கணுக்காலுக்கு அடியில்தான். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். முழுதாக நீட்ட முடியாதவர்தான் நொண்டுகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க அறுத்த கால் முதலில். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம்.

தழும்பின் வெளிப்பக்கத்தில் தோல் கொஞ்சம் மரத்துப் போயிருக்கும். பலர் இதற்குப் பயப்படுகிறார்கள். உணர்ச்சி தரும் ஒரு சிறு நரம்பு அங்கே குறுக்காக ஓடுகிறது. உள்ளே எந்த வழியில் போனாலும், தோலைக் கீறும்போதே பெரும்பாலும் அது அறுபட்டுவிடுகிறது.