மாடு கட்டிய ஊர்

லிட்டில் இந்தியாவை இந்தியர்களுக்கென்று வெள்ளைக்காரர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. ஆவணங்களைப் பார்த்தால் அது நிற்காது. இனவாரியாக ஊரைப் பிரித்த 1822ஆம் ஆண்டின் ஜாக்சன் திட்டம், தென்னிந்தியர்களான சூலியாக்களுக்கு இடம் காட்டியது சிங்கப்பூர் ஆற்றின் மேல்பகுதியில். 1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை போட்டது தஞ்சோங் பகாரில். அவர் முன்னின்று 1827இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருப்பது சவுத் பிரிட்ஜ் ரோட்டில். செட்டியார்களின் கிட்டங்கிகளோ மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். திட்டம்தான் ஊரை உண்டாக்கும் என்றால் இன்றைய லிட்டில் இந்தியா அந்தப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். லிட்டில் இந்தியாவின் நடுவே ஓடும் சிராங்கூன் சாலை அன்று நகரத்துக்கு வெளியே போகிற வெறும் பாதை. அங்கே ஆட்களை இழுத்தது அரசாணையல்ல, பிழைப்பு. அந்தப் பிழைப்பில் முதலிடம் மாட்டுக்கு.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான சதுப்பு நிலம் வீடு கட்ட உதவாது. ஆனால் மாடு வளர்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மேயப் புல், குடிக்கத் தண்ணீர், எருமை புரளச் சேறு எல்லாம் ஒரே இடத்தில். நடந்துபோகிற தூரத்தில் நகரம். அந்த நகரத்துக்குப் பால் வேண்டும், இறைச்சி வேண்டும், துறைமுகச் சரக்கை இழுக்க வண்டிமாடு வேண்டும். ஒரு தொழில் வந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வரும். செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் அடுப்படிக்கு, புண்ணாக்கு தொழுவத்துக்கு. கோதுமை அரைத்தால் மாவு கடைக்கு, தவிடு மாட்டுக்கு. இப்படித்தான் கொட்டிலைச் சுற்றிச் செக்கும், செக்கைச் சுற்றிக் கடையும், கடையைச் சுற்றிக் குடியிருப்பும் எழுந்தன. பஃபலோ ரோடும், மலாயில் அதே எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடும் அந்தக் காலத்தின் எச்சம். 1840களில் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல் வந்தபோது குதிரைக்காரர்களுக்கும் வேலை கிடைத்தது. டன்லப் ஸ்ட்ரீட்டின் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் அவர்களும் தென்னிந்திய வியாபாரிகளும் தொழுத இடத்தில் எழுந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் உழைப்பையும், சிராங்கூன் சாலையோரத்தில் இருந்த செங்கற்சூளைகளையும் சுண்ணாம்புக் காளவாய்களையும் எப்படி மறப்பது? மறக்க வேண்டாம். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொன்னதே அதற்குச் சாட்சி. ஆனால் சூளைகள் அந்த நூற்றாண்டிலேயே அணைந்துவிட்டன. கைதிகளின் சிறையும் 1873இல் மூடப்பட்டது. இந்த வட்டாரம் அடர்ந்து பெருத்ததோ அதற்குப் பிறகுதான். விதை போட்டதில் சூளைக்குப் பங்குண்டு, வளர்த்தது மாட்டு வியாபாரம். தவிர, சூளையும் தொழில்தான். அதுவும் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது.

கோயில்கள் இருக்கின்றனவே, ஆகவே தொடக்கத்திலிருந்தே இது தமிழர் ஊர்தானே என்று கேட்கலாம். வேலை இருந்த இடத்தில் வேலைக்காரர்கள் கோயில் கட்டினார்கள் என்பதற்குத்தான் அவை சான்று. வேலை கொடுத்தவர்களோ பல இனம், பல மதம். மாட்டு வியாபாரத்தில் பெரும்புள்ளியான பெலிலியோஸ் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். டெஸ்கர் ரோட்டுக்குப் பெயர் தந்தவர் இறைச்சி வியாபாரம் செய்த யுரேசியர். கெர்பாவ் ரோட்டில் இன்று பல வண்ணம் பூசி நிற்கும் டான் டெங் நியாவின் வீடு 1900இல் எழுந்தது. அந்தச் சீன முதலாளிக்கு அங்கே மிட்டாய்த் தொழிற்சாலைகள் இருந்தன. ஓர் இனத்துக்கு ஒதுக்கிய பேட்டையில் இத்தனை பேர் முதல் போட்டிருக்க மாட்டார்கள்.

கடைசிக் கேள்விதான் கடினமானது. மாடுதான் ஊரைக் கட்டியது என்றால், மாடு போன பிறகு ஊர் ஏன் போகவில்லை? அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிறந்த சிற்றூர்கள் பல, காடு தீர்ந்ததும் காலியாகிவிட்டன. அங்கே வீடும் கடையும் பெரும்பாலும் ஆலை முதலாளிக்குச் சொந்தம். ஆலை போனால் எல்லாம் போச்சு. இங்கே கதை வேறு. சதுப்பு தூர்ந்து, நகரம் நெருக்கியதும் கொட்டில்கள் வெளியேறின. அதற்குள் மளிகைக்காரர், தட்டார், சோதிடர், பூக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர் என்று தனித்தனிக் கைகளில் வியாபாரம் பரவியிருந்தது. அவர்களுடைய வாடிக்கையாளர்கள் இந்த வட்டாரத்தோடு நிற்கவில்லை; தீவு முழுக்க இருந்த தமிழ்த் தொழிலாளர்கள். அதனால் மூலத்தொழில் போயும் சந்தை நிலைத்தது. பிறப்புக்கு ஒரு காரணம், நீடிப்புக்கு வேறு காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இன்றைய தோற்றத்தைப் பார்த்து, தொடக்கமும் இப்படித்தான் என்று முடிவுகட்டுகிறோம். 1989இல் இது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது அரசு உறுதி செய்ததெல்லாம், உழைத்தவர்கள் முன்பே உண்டாக்கி வைத்திருந்த ஓர் ஊரைத்தான்.

அந்தச் சந்தையின் நடுநாயகமான தேக்கா மார்க்கெட் எப்படி வளர்ந்தது, 1982இல் ஏன் சாலையைக் கடந்து இடம் மாறியது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)