ஓடும் ரயிலில் ஒரு புத்தகம்

பள்ளி நாட்களில் நூலகமே கதியென்று கிடந்தவர்கள் பலர், வேலைக்குச் சேர்ந்தபின் "படிக்க நேரம் எங்கே?" என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே அப்படிக் கேட்பவராகவும் இருக்கலாம். அந்த நேரம் ரயிலிலேயே இருக்கிறது!

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. தூரம் சுமார் 29 கிலோமீட்டர். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் அரை மணி மட்டும் படிப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 15 பக்கங்கள். போக, வர 30 பக்கங்கள். மாதம் 25 நாட்களில் 750 பக்கங்கள். அதாவது, 250 பக்க நூல்கள் மூன்று!

சரி, ஆடிக் குலுங்கும் பெட்டியில் படிக்க முடியுமா?

தாவும் கண்கள்

படிக்கும்போது நம் கண் வரியின்மீது வழுக்கிக்கொண்டு செல்வதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாவித் தாவிச் செல்கிறது. ஓரிடத்தில் சுமார் கால் வினாடி நிற்கும். பிறகு சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும்போதுதான் எழுத்துகளைப் பார்க்கிறோம்; தாவும் கணத்தில் கண் ஏறக்குறைய எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி இதை ஆராய வினோதமான ஒரு கருவியைச் செய்தார். நடுவில் துளையுள்ள ஒரு சிறு சாந்து மூடியைப் படிப்பவரின் கண்மீது பொருத்தினார். அதனுடன் இணைந்த மெல்லிய அலுமினியக் கம்பி, கண்ணின் ஒவ்வொரு தாவலையும் புகை படிந்த உருளையின்மீது கோடாக வரைந்தது. படித்தலின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் 1908-இல் வெளிவந்தது.

காதுக்குள் ஒரு காவலாளி

இப்பொழுது ஒரு சோதனை. இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமும் வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகளைப் படிக்க முடிகிறதல்லவா? அடுத்து, தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிவிடும்!

ஏன் இந்த வேறுபாடு? நம் உட்செவி ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்த 3 அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பியதும் அவை செய்தி அனுப்ப, கண் எதிர்த்திசையில் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகிறது. இதற்கு ஆகும் நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்குதான். பக்கம் ஆடும்போதோ கண் தானாகப் பார்த்துத்தான் பின்தொடர வேண்டும். அதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் பிடிக்கிறது.

ஆகவே ரயிலில் கவனிக்க வேண்டியது புத்தகத்தின் ஆட்டத்தைத்தான். அதை ஜன்னல் விளிம்பில் ஊன்றி வைக்காதீர்கள். கைகளைத் தளர்வாக வைத்துப் பிடியுங்கள். வில்லைப் போல அவை அதிர்வைத் தாங்கிக்கொள்ளும்.

சிலருக்குப் பேருந்தில் படித்தால் தலை சுற்றும். 'நகர்கிறோம்' என்கிறது காது. 'அசையாமல் இருக்கிறோம்' என்கிறது பக்கத்தைப் பார்க்கும் கண். இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். தண்டவாளத்தில் திடீர் வளைவுகள் இல்லாததால் ரயிலில் இத்தொல்லை குறைவு. அப்படியும் தலை சுற்றினால் புத்தகத்தை மூடிவிட்டுத் தொலைவில் பாருங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இப்படிச் சற்று நேரம் பார்த்தால் கண்ணின் தசைகளுக்கும் ஓய்வு கிடைக்கும்.

முதல் வாரம்

பல ஆண்டுகள் படிக்காமல் இருந்தவருக்கு முதல் சில நாட்கள் கடினமாகவே இருக்கும். ஒரே வரியை மூன்று முறை படிப்பீர்கள். கை தானாகக் கைப்பேசியைத் தேடும். "எனக்குப் படிக்கும் திறனே போய்விட்டது" என்று மனம் சோரும்.

சோர வேண்டாம். நன்கு படிக்கத் தெரிந்தவரின் கண்களும் நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து முறை பின்னோக்கித் தாவுகின்றன. திரும்பப் படிப்பது குறை அன்று. அது படிப்பின் ஒரு பகுதியே.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், 96 பேர் உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் புதிய பழக்கங்களை மேற்கொண்டதை ஆராய்ந்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாட்கள். சிலருக்கு 18 நாட்களே போதுமாயிருந்தன; வேறு சிலருக்கு 254 நாட்கள் வரை தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் ஏற்படவில்லை. அன்றாடம் ஒரே சூழலில் அதே செயலைச் செய்ததுதான் பழக்கத்தை உருவாக்கியது.

ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே இருக்கை வரிசை! இதைவிடப் பொருத்தமான சூழல் வேறு ஏது? நாளைக் காலை மதிய உணவோடு ஒரு மெல்லிய புத்தகத்தையும் பையில் வையுங்கள். கைப்பேசி பையின் அடியில் இருக்கட்டும். இறங்க வேண்டிய நிலையத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்!