விடை தரும் மேக்ரோ

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினது என்று அறிஞர் பலர் கருதும் சங்கீதக் கல்வெட்டில், ஏழு இராகங்களுக்குரிய சுரக் கோவைகள் ஏழு பகுதிகளாக, ஒவ்வொரு சுர எழுத்தும் அ, இ, உ, எ என்னும் உயிர்களுள் ஒன்றை ஏற்று, சங்கேதமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியரின் சிஷ்யனான ஓர் அரசன் மாணாக்கரின் நன்மைக்காக இதனைச் செய்வித்தான் என்பதும் அங்கேயே கூறப்பட்டிருக்கிறது. சுருங்க எழுதுவது அரிய கலை. சுருங்கியது எவ்வாறு விரியும் என்பதை அறிந்து எழுதுவதே அதன் உயிர். இதே மாவட்டத்தின் பொறியியற் கல்லூரிகளில், 8086 நுண்செயலிக்கு அசெம்பிளி மொழியில் நிரல் எழுதிப் பழகும் மாணவர்களுக்கு இவ்வுண்மையை மேக்ரோ என்னும் சாதனம் தெளிவாக உணர்த்தும்.

நுண்செயலியின் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு குறுஞ்சொல்லை வைத்து எழுதுவது அசெம்பிளி மொழி. அதனை இயந்திரத்துக்குரிய எண்களாக மாற்றும் மென்பொருள் அசெம்பிளர். அடிக்கடி வரும் கட்டளைத் தொகுதிக்கு ஒரு பெயரிட்டுவிட்டால், அப்பெயர் வரும் இடந்தோறும் அசெம்பிளர் அத்தொகுதி முழுவதையும் எழுதிவிடும். அப்பெயரே மேக்ரோ. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதுபவர் ஒரே வாசகத்தில் பெயரையும் எல்லையையும் மட்டும் மாற்றி ஆளுக்கொரு பத்திரம் எழுதித் தருவதைப் போன்றது இக்காரியம். நிரல் ஓடும்போது அழைக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்குத் திரும்பும் துணைநிரல் வேறு. நிரல் ஓடத் தொடங்குமுன்பே விரிந்து மறைந்துவிடும் மேக்ரோ வேறு.

அவ்வாறு மறைந்துபோகும் ஒன்று விடையளிப்பது எங்ஙனம்? 1991இல் வந்த மைக்ரோசாஃப்ட் மேக்ரோ அசெம்பிளரின் ஆறாம் பதிப்பில் இதற்கு வழியுண்டு: மேக்ரோவின் முடிவில் எக்சிட்எம் என்ற சொல்லின் பின் எதை எழுதுகிறோமோ, அது அழைத்த வரியில் மேக்ரோவின் பெயர் இருந்த இடத்தில் வந்து அமர்கிறது. அமர்வது எழுத்துக்கோவையேயன்றி வேறன்று. ஐந்தின் தொடர்பெருக்கத்தை இவ்விதம் கேட்டால், கணக்கை அசெம்பிளரே முடித்து 120 என்று எழுதிவிடுவதால், நிரல் ஓடும் வேளையில் நுண்செயலிக்கு அதன் பொருட்டு யாதொரு சிரமமுமில்லை.

இச்சூட்சுமத்தை மறந்தவர்க்கு விபரீதங்கள் உண்டு. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கும் மேக்ரோவுக்கு 2+3 என்பதைக் கொடுத்தால், அது 2+3*2+3 என விரிந்து, இருபத்தைந்துக்குப் பதிலாகப் பதினொன்றைத் தரும். மேக்ரோவுக்குள் அவ்வெண் வரும் இடந்தோறும் அதனை அடைப்புக்குறிக்குள் வைப்பதே பரிகாரம். மேக்ரோ சில கட்டளைகளைப் பிறப்பித்து, விடை இருக்கும், நுண்செயலி தன்னுள் எண்களை வைத்துக்கொள்ளும் இடமான ஏஎக்ஸ் என்னும் பதிவகத்தின் பெயரைத் திருப்பித் தருவதும் உண்டு. அப்போது அசெம்பிளர் அக்கட்டளைகளை முன்னே இட்டு, அழைத்த வரியில் பதிவகத்தின் பெயரை மட்டும் வைக்கிறது. ஒரே வரியில் இத்தகைய இரண்டு மேக்ரோக்களை அழைத்தால், இரண்டாவதன் விடை முதலாவதன் விடையை அழித்துவிடும். மேக்ரோவுக்குள் வரும் தாவுமிடப் பெயர்களை லோக்கல் என்று அறிவியாவிட்டால், இரண்டாம் முறை விரியும்போது ஒரே பெயர் இருமுறை வந்ததென்று அசெம்பிளர் பிழை கூறும்.

எல்லா அசெம்பிளர்களும் இவ்வசதியைத் தருவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி நுண்செயலி ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. அதற்குப் பயன்படும் க்னூ அசெம்பிளரின் மேக்ரோவுக்கு விடையைத் திருப்பித் தரும் வழியில்லை. ஆகவே, விடையை எந்தப் பதிவகத்தில் இடவேண்டும் என்பதையும் அழைப்பவரே அழைக்கும்போது குறித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். ஒருவகையில் அது நன்மையே. விடை எங்கே இருக்கிறது என்பது அழைக்கும் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

மேக்ரோக்களை எத்தனை நேர்த்தியாக எழுதினாலும், அசெம்பிளர் தரும் லிஸ்டிங் கோப்பில் அவை விரிந்து நிற்கும் வடிவத்தை ஒருமுறையேனும் வரிக்கு வரி படித்துப் பார்க்குமாறு மாணவர்களை வேண்டுகிறேன். ஆய்வுக்கூடங்களில் ஆசிரியர்கள் விடையைச் சரிபார்ப்பதோடு அமையாமல், அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாயின், இயந்திரத்துக்கு என்ன சொல்கிறோம் என்பதை அறிந்து சொல்லும் ஒரு தலைமுறை இங்கே உருவாகும்.