பசியறியாப் பிள்ளைகள்

விருத்தாசலம் என்றதும் வெளியூராருக்குப் பீங்கான் பொம்மைகள் செய்யும் செராமிக் தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். அடியார்களுக்கோ அது பழமலைநாதரும் பெரியநாயகியும் எழுந்தருளிய திருமுதுகுன்றம். பசியைப் பற்றிய அருமையான வரலாறு ஒன்று இத்தலத்தில் வழங்குகிறது.

குகை நமசிவாயரின் சீடரான குரு நமசிவாயர், தில்லைக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கினார். பசி வாட்டவே, அன்னையைக் கிழவி என விளித்துச் சோறு வேண்டிப் பாடினார். முதியவளாய்த் தோன்றிய அம்மை, கிழவியால் சோறு சுமந்து வர இயலுமோ என்று வினவினாள். அவர் இளமை தோன்ற மாற்றிப் பாடினார். அவளும் இளநங்கையாய் வந்து அமுதளித்தாள். அதனால் பாலாம்பிகையாகவும் அன்னை இங்கே வணங்கப்பெறுகிறாள்.

அவருக்குத் தம் பசி தெரிந்தது, கேட்கவும் தெரிந்தது. தேர்வு அச்சத்திலும் வீட்டுச் சச்சரவிலும் வாடும் பிள்ளைக்கு அதுவே தெரிவதில்லை. அச்சம் எழும்போது அட்ரினலின் சுரந்து இரைப்பையின் வேலை மந்தமாகிறது. காலை இட்டலி தொண்டையில் இறங்காததும், பள்ளி கிளம்பும் வேளையில் வயிறு வலிப்பதும் பாசாங்கு அல்ல. கவலை நாள்கணக்கில் நீடித்தாலோ கார்டிசால் மிகுந்து, இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் பெருகும். பகலில் சோற்றை ஒதுக்கிய பிள்ளை இரவில் முறுக்கு டப்பாவைத் தேடுவது இதனால்தான். அதைக் கண்டு 'திண்டி' என்று ஏசுவது கவலையைக் கூட்டவே செய்யும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தோழரோடு அமர்ந்து உண்கின்றனர். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பந்திதான் துணை. மதிப்பெண் விசாரணையை இலை போட்ட இடத்தில் நடத்தலாகாது. சிறிதளவே பரிமாறி, வேண்டுமெனில் மீண்டும் இடலாம். வற்புறுத்தித் திணித்தால் உணவின்மீதே வெறுப்பு வரும். ஒரு வேளையேனும் பெற்றோர் கைப்பேசியை அகற்றிவிட்டு உடன் அமர்ந்து உண்ண வேண்டும்.

தேர்ச்சி பெற வேண்டி வளரும் பிள்ளையைப் பட்டினி விரதம் இருக்கச் செய்யும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. சிறுவர்க்கு விரதத்தில் விலக்கு உண்டென்பதைப் பெரியோர் மறந்துவிடுகின்றனர். எடை குறைந்தாலோ, உண்டதை வாந்தியெடுத்தாலோ, வாரக்கணக்கில் உணவை மறுத்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அர்ச்சனையை மாலையில் செய்துகொள்ளலாம்.