புளியந்தீவுப் பேராலயம்

வீரமுனையிலிருந்து கல்முனைக்கு வந்து வடக்கே திரும்பினால், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக நீளும் சாலை காத்தான்குடியைக் கடந்து, கல்லடிப் பாலத்தின் வழியே மட்டக்களப்பு நகரை அடைகிறது. அங்கே, வாவி சூழ்ந்த புளியந்தீவில் நிற்பது தூய மரியன்னை பேராலயம். அந்தச் சாலையிற் பலமுறை சென்ற நான், அவ்வாலயத்தைப் பற்றி நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

1628இல் போர்த்துக்கீசர் இத்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் மறைந்து திரிந்து கத்தோலிக்க மக்களைத் தேற்றினார். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தது. 2012இல் மட்டக்களப்புத் தனி மறைமாவட்டமானபோது, இவ்வாலயம் அதன் பேராலயமாயிற்று. அம்பாறைக் கரையின் கத்தோலிக்கருக்கும் இதுவே தலைமை ஆலயம்.

கத்தோலிக்க ஆலயத்தின் வாயிலில் நின்று நோக்கினால் கண் நேரே பலிபீடத்திற் சென்று படியும். மக்கள் அமரும் இடம் யாவும் அதை நோக்கியே அமையும். பேராலயமாயின் பீடத்தருகே ஆயரின் ஆசனமும் இருக்கும். அந்த ஆசனமே பேராலயத்திற்கு அப்பெயரைத் தருவது. முற்கால ஐரோப்பாவில், துரத்தப்பட்டவன் ஆலயத்துட் புகுந்துவிட்டால் அவனைப் பிடித்தலாகாது என்ற வழக்கு இருந்தது. நம் மொழியில் அதுவே அடைக்கலம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சி ஆலயத்தில் அன்னைக்கு அடைக்கல மாதா என்றே பெயர்.

புளியந்தீவில் அந்த அடைக்கலம் இருமுறை குலைந்தது. பங்குக் குருவும் பிரஜைகள் குழுத் தலைவருமான சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் நாள் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஆலயத்தினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

வந்த சாலையும் நினைவில் எழுகிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். ஒன்பது நாட்களின் பின், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்கள் கொல்லப்பட்டனர்.

கல்லும் சுண்ணாம்பும் எவரையும் காக்கமாட்டா. ஆயுதத்துடன் உள்ளே புகக் கூசும் மனமே ஆலயத்தின் மெய்யான மதில். மாணவரைப் பேராலயத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பீடத்தையும் ஆசனத்தையும் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. போகும் வழியிற் காத்தான்குடியிலும், திரும்பும்போது வீரமுனையிலும் சிறிது நேரம் இறங்கி நிற்கவேண்டும்.