புத்தகத்தை மூடிய பிறகு

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் அமைந்த எங்கள் விளாங்குடியில், 1953-ஆம் ஆண்டு தோன்றிய பாத்திமா கல்லூரியை அண்டி வாழ்வதாலோ என்னவோ, காலை எட்டரை மணிக்குப் புத்தகமும் கையுமாகப் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பெண்பிள்ளைகளைக் காண்பது அன்றாட வழக்கம். அவர்களுள் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலாக மிதித்தவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. அத்தகையவள் ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் பயில்பவள். பிளஸ் டூ வரையில் தமிழிலேயே படித்தவள். செமஸ்டர் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் என்னிடம் வந்து, "தாத்தா, மூணு தடவை வாசிச்சுட்டேன்; புக்கை மூடினா ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று கண் கலங்கினாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு நாலு வரி நீங்கலாக, மற்றெல்லா வரிகளின்மீதும் மஞ்சள் மை பூசியிருந்தது.

அவளுடைய சிரத்தையில் குறையில்லை, பிரயாசையிலும் குறையில்லை. ஒரு பக்கத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது அதன் சொற்கள் பழகிய முகங்களாகத் தோன்றுகின்றன. மூன்றாம் முறை இன்னும் நெருக்கம். அந்தப் பரிச்சயத்தையே ஞானமென்று மனம் எண்ணிக்கொள்கிறது. தினமும் தெருவில் பார்க்கும் ஒருவரை எதிரில் வரும்போது அடையாளம் கண்டுகொள்வது எளிது. அவர் இல்லாத வேளையில் அவர் முகத்தை வரைந்து காட்டு என்றாலோ கை நின்றுவிடும். பரீட்சை மண்டபத்தில் நமக்கு வாய்ப்பது இந்த இரண்டாவது காரியம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளநூல் அறிஞர்கள், கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு கட்டுரையை நான்கு தவணை வாசிக்கச் செய்தார்கள். மற்றொரு சாராரை ஒரே தவணை வாசிக்கச் செய்து, பின்பு ஏட்டைப் பாராமலே நினைவிலிருந்து மூன்று தவணை எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, அவர்கள் நினைவில் நூற்றுக்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 61 பங்கும் எஞ்சியிருந்தன. எனக்கு நிலைநிற்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், வாசித்தவர்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டுக்கு இது புதிய விஷயமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், இலக்கணத்தைத் தொடங்குமுன் பாயிரத்திலேயே பாடம் கேட்கும் முறையை வகுத்து வைத்தார். ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக ஏற்றுக்கொண்டவனுக்கும் புலமையில் கால் பங்குதான் கைவரும். உடன் பயிலும் தோழரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைத்தால்தான் வாய்க்கும் என்பது அவர் கணக்கு. கேட்டதைச் சிந்தித்தலையும், வினவுதலையும், பிறர் வினவியதற்கு விடை கூறுதலையும் மாணாக்கன் கடமைகளாகவே அவர் வைத்தார். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் நம் திண்ணைப் பள்ளி வழக்கத்தின் பயனை, சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் உணர்ந்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. கடல் கடந்து சென்ற அந்த முறையை நாம் நம் வீட்டுத் திண்ணையில் மறந்தோமே என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

ஆகவே அந்தப் பெண்ணிடம், "பேனாவை மூடிவை. இன்றைக்கு ஒரே ஒரு பாடத்தை வாசி, புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு உன் அம்மாவிடம் போய்ச் சொல்" என்றேன். அவள் தாயார் பூக்கட்டிப் பிழைப்பவர். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வரும் உதிரி மல்லிகையை வாழைநாரில் தொடுத்து முழக்கணக்கில் கொடுப்பவர். அன்றைய பாடம் தேவை நெகிழ்ச்சி; அதாவது, விலை மாறும்போது வாங்குவது எவ்வளவு மாறும் என்பது. மகள் சொன்னாள்: "ஆடம்பரப் பொருளுக்கு விலை ஏறினா வாங்குறது ரொம்பக் குறைஞ்சிரும்மா. பூவும் அப்படித்தான்." தாயார் தொடுக்கும் கையை நிறுத்தவில்லை. "அப்ப முகூர்த்த நாளுல கிலோ என்ன விலைக்குப் போனாலும் வாங்கிட்டுத்தானேடி போறாங்க? விலை ஏறிருச்சுன்னு மாலை இல்லாமயா மணையில உக்காருவாங்க?"

பெண் திகைத்துப்போய் என்னிடம் ஓடிவந்து புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பொருள் ஆடம்பரமா அவசியமா என்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று, வாங்குபவரின் நிலையையும் வேளையையும் பொறுத்தது என்ற வாக்கியம் அங்கே இருந்தது. அதன்மீதும் மஞ்சள் மை இருந்தது. மூன்று முறை கண்ணில் பட்டும் கருத்தில் படாத வாக்கியம் அது. தாயாரின் கேள்வி விழுந்த பிறகு இன்றுவரை அவளுக்கு மறக்கவில்லை.

கேள்வியோடு புத்தகத்தை அணுகுவதன் பலன் இது. 1946-இல் ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த வாசிப்பு முறையும், முதலில் அத்தியாயத்தை மேலோட்டமாகப் பார்த்து, தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டு, விடை தேடி வாசித்து, புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்த்து, கடைசியில் திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. அப்படித் திரும்பிப் பார்ப்பதைப் பின்னொரு நாளும் செய்வது முக்கியமானது. பொருளற்ற அசைகளை மனனம் செய்து தம்மையே சோதித்துக்கொண்ட ஜெர்மானியரான எபிங்ஹாஸ், ஒரு நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிடுவதை 1885-இல் எழுதினார். பொருளுணர்ந்து படித்தது அவ்வளவு விரைவில் கரையாது என்றாலும், மூன்று மணி நேரத்தை ஒரே இரவில் செலவிடுவதைவிட இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று எனப் பகிர்ந்து செலவிடுவதே நிலைத்த பலன் தரும்.

தமிழ்வழியில் வந்த பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆங்கில வாக்கியத்தை அப்படியே நெட்டுருப் போடாதீர்கள். விஷயத்தை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடமே புரியாத இடம். அது தெளிந்தபின் ஆங்கிலக் கலைச்சொல்லை அதன்மேல் ஏற்றுங்கள். கொழுகொம்பைக் கண்ட கொடிபோல் பற்றிக்கொள்ளும்.

இப்போதெல்லாம் மாலையில் பூக்கூடையருகே பாடம் நடக்கிறது. நேற்று பணவீக்கம். மகள் முடித்ததும் தாயார், "எல்லா விலையும் ஏறுதுங்கிற; முழம் கட்டுற கூலி மட்டும் ஏன்டி அப்படியே நிக்குது?" என்றார். அவளுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் உடனே சொல்லத் தோன்றவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், கல்லூரியில் கேட்பதற்காக, அந்தக் கேள்வியைத் தாயார் சொன்ன சொற்களிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டாள்.